பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டியவன்

போன மாதம் கிரண் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். பெங்களூரில் நான் முப்பது வருடம் வேலை பார்த்த குத்துச்சண்டைப் பயிற்சி நிலையத்தில் அவன் இப்போது உதவிப் பயிற்சியாளர். "சீலன் சார், இப்போல்லாம் கராத்தே, களரி, சிலம்பம்னு கத்துக்கிட்டு நிறைய பேர் நம்மகிட்ட வர்றாங்க. அவங்களோட ஸ்பாரிங் பண்றது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்" என்று கேட்டிருந்தான். கூடவே ஒரு படிவத்தின் படம். இனிமேல் ஸ்பாரிங் முடிந்ததும் இரண்டு பேரும் தனித்தனியாக அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதில் ஒரு கட்டத்துக்கு மேலே இப்படி அச்சிட்டிருந்தது: எதிராளியிடம் நீங்கள் கவனித்த மாற்றம் ஏதேனும் உண்டா?

அந்தக் கட்டத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு தாளை என் கையில் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். 'இல்லை' என்று எழுதியிருப்பேன். அதனால்தான் கிரணுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதி முடிக்க என்னால் ஆகவில்லை. இது அவன் கேட்டதைவிட நீளம். படித்துக் காட்டுவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஸ்பாரிங் பார்ட்னர் என்ற வேலை வெளியாருக்குப் புரியாது. போட்டிக்குப் போகிறவன் பழகிக்கொள்ள எதிரே நின்று அடித்து, அடி வாங்கித் தருகிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த எதிராளி இடது கைக்காரன் என்றால் நாங்கள் இடது கைக்காரனாக மாற வேண்டும். அவன் முரடன் என்றால் நாங்கள் முரடாக வேண்டும். பெயர் பேப்பரில் வராது, மூக்கு மட்டும் உடையும். கோலார் தங்க வயலில் சாம்பியன் என்ற பெயருள்ள ஸ்டேஷனில் தினமும் ரயில் ஏறினேன் என்பதைத் தவிர எனக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் கிடையாது.

கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கிவிடுகிறேன். என் அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன், மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கூடுகிற கிளப் ஹாலில் ஒரு மணல் மூட்டை தொங்கும். அதை அடித்து அடித்துக் கற்றுக்கொண்டேன். நாலைந்து மாநிலப் போட்டிகளுக்குப் போய் எல்லாவற்றிலும் அரையிறுதியில் தோற்றேன். ஒரே மாதிரி தோற்கிறவனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, நிதானம். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் பெள்ளியப்பா சார் என்னை வேலைக்கு எடுத்தார்.

பெள்ளியப்பா சார் எங்கள் தலைமைப் பயிற்சியாளர், குடகுக்காரர். கத்த மாட்டார். விசில் ஊத மாட்டார். கயிற்று வளையத்துக்கு வெளியே, எந்த மூலையிலும் இல்லாமல், ஹாலின் கூரையைத் தாங்குகிற கம்பத்துக்குப் பின்னால் நின்று எங்கள் கால்களை மட்டும் பார்ப்பார். கையில் ஒரு கமலா ஆரஞ்சு இருக்கும். மூன்று நிமிட ரவுண்டுக்கு ஒரு பழம் என்று கணக்காக உரிப்பார். பிடிக்காத ஒன்று நடந்தால் உரிப்பது நிற்கும். "மத்தே" என்பார். மறுபடியும் என்று கன்னடத்தில் பொருள். பிடித்த ஒன்று நடந்தால் எதுவும் சொல்ல மாட்டார். பதினோரு வருடத்தில் அவர் வாயால் 'குட்' என்று நான் கேட்டது ஒரே தடவை. அதை எப்போது சொன்னார் என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது.

ஸ்பாரிங்குக்கு அவர் வைத்திருந்த முறை மாறாது. கைத்துணியை அவரவர் சுற்றக் கூடாது, எதிராளிதான் சுற்றிவிட வேண்டும். நீ அடிக்கப் போகிற கையின் எலும்பை முதலில் தொட்டுப் பார் என்பார். பிறகு புருவத்திலும் கன்னத்து மேட்டிலும் வாசலின் களிம்பு, தலைக்கவசம், பதினாறு அவுன்ஸ் கிளவுஸ். நடுவில் யாருக்காவது ஏதாவது சரியில்லை என்று பட்டால் இரண்டடி பின்னால் போய் வலது கையை உயர்த்த வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்த விதி அடி வாங்குகிறவனைவிட எதிரே நிற்கிறவனுக்குத்தான். அடிபட்டவனுக்குத் தன் நிலைமை தெரியாது, எதிரே நிற்கிறவனுக்குத்தான் தெரியும் என்பது அவர் வாதம். எல்லாம் முடிந்ததும் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்பார்: "எல்லி நோவு?" எங்கே வலி? பதில் சொல்லும்வரை கிளவுஸைக் கழற்ற விட மாட்டார்.

இனி கிரண் கேட்ட விஷயம்.

சுரங்கம் மூடி சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர் ஆண்கள் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு நாள் பெள்ளியப்பா சார் ஒருவனைக் கூட்டிவந்து நிறுத்தினார். பெயர் ஏழுமலை, இருபத்தாறு வயது. பெங்களூரில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். எங்கள் ஊர்க்காரன்தான், சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீடு. அப்பா சுரங்கத்தில் துளை போடுகிறவராக இருந்து நெஞ்சில் தூசி அடைத்துப் படுத்திருந்தார். பூர்வீகம் குடியாத்தம் பக்கம். அந்த அப்பாவிடம் ஏழு வயதிலிருந்து சிலம்பமும் குத்து வரிசையும் கற்றவன். பாக்ஸிங்குக்கு வந்து ஒன்றரை வருடம்தான். ஆறு வாரத்தில் ஒரு தேர்வுப் போட்டி. அதில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. வயது வரம்பு அவனுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. வீட்டில் மனைவி குமாரி, ஒரு வயதுப் பெண் குழந்தை.

முதல் நாள் அவன் என்னைக் குழப்பிவிட்டான். கையைத் தாடைக்குக் கொண்டுவரவே இல்லை. இடது கை இடுப்பு உயரத்தில் முன்னால் நீட்டி, வலது கை நெஞ்சோடு, உடம்பின் கனம் முழுக்கப் பின்னங்காலில். பாக்ஸர் நேர்கோட்டில் வருவான், போவான். இவன் கோட்டிலேயே நிற்கவில்லை. தரையில் முக்கோணம் போட்டாற்போல மூன்று புள்ளிகளில் கால் மாற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியும் முன்விரலில் இறங்கும், குதிகால் படவே படாது. ரிங் தரையில் விரித்த கேன்வாஸில் சத்தம் கேட்காது. நான் தோளை ஆட்டிப் பொய் காட்டினேன், அவன் அசையவில்லை. நிஜமாக அடித்தபோது அவன் அங்கே இல்லை. என் விலா எலும்பில் மட்டும் ஒன்று விழுந்தது.

மூன்று நாள் அவமானப்பட்ட பிறகுதான் விளங்கியது. புதியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்டவன் உங்கள் தோளைப் பார்ப்பதில்லை. கம்பு வீசுகிறவனின் தோளைப் பார்த்தால் மண்டை உடையும், அதனால் காலைப் பார்த்தே பழகியவன். ஆகவே பொய்யைக் காலால் காட்ட வேண்டும். நீங்கள் அவனுடைய கையைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். அடி தோளிலிருந்து வராது, காலடியோடு சேர்ந்து வரும். கால் மாறாமல் கை வராது. அவனைத் துரத்தக் கூடாது, அவனுக்கு வேண்டிய இடத்தைக் குறைக்க வேண்டும். மூன்று புள்ளிகளில் ஒன்றில் நீங்கள் போய் நின்றுவிட்டால் முக்கோணம் உடைந்துவிடும். முதல் இரண்டு ரவுண்டு உடம்பில் அடியுங்கள், தலை தானாகக் கிடைக்கும். கிரண் கேட்டது இவ்வளவுதான். அரைப் பக்கம்கூட வரவில்லை.

நான்காம் நாள் எனக்கு முதல்முறையாகத் தலை கிடைத்தது. வலது கை நேராக அவன் கன்னத்தில் விழுந்தது. உடனே அவன் செய்ததைப் பார்த்து நான் திகைத்து நின்றுவிட்டேன். அடி பட்ட கன்னத்தைத் தன் இடது கிளவுஸால் தொட்டு, என்னைப் பார்த்தபடி நின்றான். முகத்தில் கோபமோ வலியோ இல்லை. பெள்ளியப்பா சாரின் கையில் ஆரஞ்சு நின்றது. அப்புறம் பார்த்தால், அவன் என்னை நன்றாக அடித்தபோதும் ஒரு கண நேரம் கையை இறக்கி எனக்காகக் காத்திருந்தான். எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ரயிலில் கேட்டேன். நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் திரும்புகிறவர்கள். காலையில் ஒருவன் வாயை ஒருவன் கிழித்துவிட்டு மாலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பது எங்கள் தொழிலில் சகஜம்.

"அது இன்னாடா, கன்னத்தத் தொட்டுக் காட்டுற? பொம்பளப் புள்ள வெக்கப்படுற மாதிரி?"

அவன் சிரித்தான். "எங்க ஆளுங்க வழக்கம்ணா. எனக்குப் பட்டா, பட்ட எடத்த நான்தான் தொட்டுக் காட்டணும். அடிச்சவன் சொல்லக் கூடாது, பாக்கறவன் சொல்லக் கூடாது. பட்டவனே ஒத்துக்கணும்."

"ஒத்துக்கலன்னா?"

"அப்படிப்பட்டவனோட எவன் வெளாடுவான்?"

"சரி, தொட்டுட்ட. அப்புறம்?"

"அடிச்சவன் அதப் பாக்கணும்ணா. பாத்துட்டு ரெண்டடி பின்னால போயி, கைய எறக்கி, பூமியத் தொட்டு நெஞ்சுல வெச்சுக்கணும். அதோட அந்த அடி தீந்துச்சு. அப்புறம் அதப் பத்தி ரெண்டு பேரும் பேசக் கூடாது."

"நான் பூமியத் தொடலையே."

"உனுக்குத் தெரியாதில்ல, அதனால பரவால்ல." அவன் கடலைத் தோலை ஊதினான். "தெரிஞ்சவன் கண்டுக்காம போனாதான் தப்பு. அவன் பாக்கற வரிக்கும் பட்டவன் தொட்டுக் காட்டிக்கினே இருக்கணும். எங்கப்பாவ ஒருத்தன் அடிச்சிட்டு, அவரு தொட்டுக் காட்டறத பாக்காத மாதிரி போயிட்டான். இவரு அவன் வீட்டு வாசல் வரிக்கும் போயி, அவன் துன்ற எடத்துல நின்னு தொட்டுக் காட்டினாரு. அவன் கை கழுவினு வந்து பூமியத் தொட்டானாம்."

பங்காருபேட்டை வரும்வரை நான் சிரித்தேன். பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள்.

மறுநாள் பெள்ளியப்பா சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பாக்ஸிங்கில் அடி பட்டதை யார் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். "நடுவர்கள்" என்றேன். "இவன் அவர்களுடைய வேலையையும் சேர்த்துப் பார்க்கிறான். அதுவும் கையை இறக்கிக்கொண்டு. அந்த அரை நொடியில் இரண்டாவது அடி விழும். அது போகணும். நீ போக வை." அவ்வளவுதான் அவர் சொன்னது. சொன்னது தப்பும் இல்லை. அதை இன்றைக்கும் சொல்கிறேன்.

போக வைத்தேன். வழி எளிது. அவன் பட்ட இடத்தைத் தொடக் கை எடுக்கிற அதே நொடியில், இன்னொரு கையால் அதே இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும். கன்னத்தைத் தொட்டால் கன்னத்தில், விலாவைத் தொட்டால் விலாவில். முதல் வாரம் அவன் கண் கலங்கியது. வலிக்காக இல்லை. "இன்னாணா, தொட்டுக்கினு இருக்கசொல்லவே அடிக்கிறியே" என்றான். "அங்க வர்றவன் உங்கப்பனா? அவன் பூமியத் தொடுவானா? வாயில குடுப்பான்" என்று கத்தினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அவனுடைய மரியாதை எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ஒருவன் நேர்மையாக இருந்துகொண்டே இருந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குப் புழுங்கும்.

மூன்றாம் வாரம் தொடுவது பாதியாகக் குறைந்தது. கை கிளம்பும், நடுவில் நினைவு வந்து திரும்பும். நான்காம் வாரம் தோளில் ஒரு துடிப்பு மட்டும். ஐந்தாம் வாரம் அதுவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து "எல்லி நோவு?" என்று கேட்கும்போது, முன்பெல்லாம் இங்கே ஒன்று, இங்கே ரெண்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்வான். இப்போது "எங்கயும் இல்ல சார்" என்று சிரிப்பான். தேறிவிட்டான் என்று நான் நினைத்தேன். பெள்ளியப்பா சாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஆரஞ்சு நிற்காமல் உரிந்துகொண்டிருந்தது.

தேர்வுப் போட்டிக்கு நான்கு நாள் முன்பு, வியாழக்கிழமை, கடைசி ஸ்பாரிங். இரண்டு நாளாக அவன் ரயிலில் பேசாமல் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். குழந்தை தூங்க விடவில்லை என்றான், நம்பினேன். முதல் ரவுண்டில் அவன் அருமையாக ஆடினான். என் உதடு கிழிந்தது. இரண்டாவது ரவுண்டு நடுவில் அவனுடைய இடது கை பழைய பழக்கத்தில் சற்றே இறங்கியது. அதற்கு மேலாக என் வலது கையை வீசினேன். இடது காதுக்கு மேலே, தலைக்கவசத்தின் விளிம்பில் விழுந்தது. பெரிய அடி இல்லை. அதைவிடப் பெரிய அடிகள் அவன் வாங்கியிருக்கிறான். பட்ட இடத்தைத் தொட அவன் கை கிளம்பவில்லை. கண் இமைக்கவில்லை. கம்பத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "குட்."

அப்போது அவன் கால் மாற்றினான். வலது கால் முன்விரலில் இறங்கவில்லை. முழுப் பாதமும் கேன்வாஸில் பட்டு, ஒரு சாண் தூரம் இழுத்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். ஆறு வாரமாகச் சத்தமே இல்லாத கால் அது.

இதைத்தான் நான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான் பார்த்தேன். இரண்டடி பின்னால் போய் வலது கையை உயர்த்தியிருக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் உயர்த்தவில்லை. உயர்த்தினால் டாக்டர் வருவார், டாக்டர் வந்தால் மூன்று வாரம் ஓய்வு என்பார், திங்கட்கிழமைப் போட்டி போகும், வேலை போகும், வயது வரம்பும் முடிந்துவிடும். இவனுக்கு நல்லது செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பெள்ளியப்பா சார் பதினோரு வருடத்தில் முதல்முறையாகச் சொன்ன 'குட்'. அது எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று எனக்குத் தோன்றியது. அது காதில் இருக்கும்போதே கையை உயர்த்தி அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. அதே இடம் திறந்திருந்தது. பழக்கத்தில் இன்னொரு முறை அடித்தேன்.

மூன்றாவது ரவுண்டில் நான் சும்மா தொட்டுத் தொட்டு விட்டேன். மணி அடித்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். "எல்லி நோவு?" என்று கேட்டார் சார். "எங்கயும் இல்ல சார்" என்றான் ஏழுமலை. கிளவுஸைக் கழற்றக் குனிந்தவன் கயிற்றின் நுனியைத் தேடிக்கொண்டே இருந்தான். "அண்ணா, இந்த முடிச்சப் பாரேன், எங்க கீதுன்னே தெரில" என்றான். முடிச்சு அவன் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. நான் அவிழ்த்துவிட்டேன். அவன் வலது கை என் கையில் கனமாகக் கிடந்தது. எழுந்து குழாயடிக்குப் போனவன் வாந்தி எடுத்து அங்கேயே சரிந்தான்.

மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே இரத்தம் கட்டியிருந்தது. முன்பே மெல்லக் கசிந்துகொண்டிருந்திருக்கலாம், இன்று பட்டது அதைப் பெரிதாக்கியிருக்கலாம் என்றார் அறுவை செய்த டாக்டர். "ஆடும்போது ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா? எவ்வளவு நேரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும்" என்று கேட்டார். பெள்ளியப்பா சார் என்னைப் பார்த்தார். குமாரி குழந்தையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "இல்லை" என்றேன்.

உயிர் பிழைத்தான். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. மறு வாரம் பயிற்சி நிலையத்தில் நான் தனியாகக் கிளவுஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெள்ளியப்பா சார் வந்து எதிரே உட்கார்ந்தார். கையில் பழம் இல்லை. ஸ்பாரிங் முடிந்ததும் கேட்பது போலவே கேட்டார்: "எல்லி நோவு, சீலா?"

"எங்கேயும் இல்லை சார்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அந்த மாதமே என்னை ரிங்கிலிருந்து எடுத்து சாமான் அறைக்கு மாற்றினார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். சில வருடங்களில் அவர் குடகுக்குத் திரும்பிப் போய் அங்கேயே இறந்தார். கால்களை மட்டுமே பார்க்கிற அந்த மனிதர் அன்று அந்தக் காலைப் பார்க்காமல் இருந்திருப்பாரா என்று நான் யோசிக்காத நாள் கிடையாது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஏழுமலையின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போக ஆரம்பித்தேன். சர்ச் முடிந்து ராபர்ட்சன்பேட்டை பேக்கரியில் ரஸ்க் வாங்கிக்கொண்டு போவேன். அவனுக்கு முகச்சவரம் செய்துவிடுவேன், நகம் வெட்டுவேன், கன்னடப் பேப்பரைத் தமிழாக்கிச் சொல்வேன். குமாரி தையல் மிஷின் போட்டுக் குடும்பத்தை நடத்தினாள். அந்த ஒரு வயதுக் குழந்தை வளர்ந்து இப்போது தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். ஏழுமலையின் அப்பா மூன்று வருடம் இருந்து போய்ச் சேர்ந்தார். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இருமலால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழுமலை கதவுக்கு நேராகக் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். நான் உள்ளே நுழைந்ததும் நல்ல கையை, இடது கையை, மெல்லத் தலைக்கு உயர்த்துவான். நானும் சலாம் வைப்பேன். "இன்னா ஏழுமல, சலாம்லாம் பலமா கீது!" என்று கேலி செய்வேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பான், கை அப்படியே நிற்கும். நான் ரஸ்க் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்த பிறகு இறங்கும். இருபது வருடம் இப்படியே போனது.

கிரணின் படிவத்தைப் பார்த்த வாரம் எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை கண்ணயர்ந்திருந்தபோது குமாரியிடம் சொல்லிவிட்டேன். கால் இழுத்ததைப் பார்த்தது, கையை உயர்த்தாதது, மறுபடி அடித்தது, டாக்டரிடம் இல்லை என்றது, எல்லாவற்றையும். தையல் மிஷின் நின்றது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு எப்பவோ தெரியும்ணா" என்றாள். "அவுரு ஆஸ்பத்திரிலந்து வந்த மொத ஞாயித்துக்கெழமையே காட்டிட்டாரே."

"இன்னாம்மா காட்டினான்?"

"நீங்க உள்ள வரசொல்ல கை தூக்கறாரே, அது சலாமா? வேற யாரு வந்தாலும் தலதான ஆட்டறாரு. உங்களுக்கு மட்டும் ஏன் கை போவுது? நெத்திக்கா போவுது? நல்லாப் பாருங்கண்ணா, காதுக்கு மேல போவுது. டாக்டர் பொளந்து தச்சாரே, அந்த எடத்துக்குப் போவுது."

"நீ ஏம்மா இத்தன வருசமா சொல்லல?"

"ஒரு தடவ சொல்லலாம்னு பாத்தேன். எங்க மாமனார் கூடாதுன்னுட்டாரு. அடிச்சவன் தானா பாக்கணும், சொல்லிக் குடுத்து செஞ்சா அது தீராதுன்னாரு." அவள் துணியை மடித்து வைத்தாள். "நீங்க சலாம் வெச்சிட்டு சிரிக்கசொல்லலாம் எனக்கு வயிறு எரியும்ணா. அவுரு மட்டும் அடுத்த வாரமும் தூக்குவாரு."

எனக்கு உண்மையாகவே தெரியாதா? ஆறு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, அடித்து அடித்து நான் அழித்த சைகை அது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியாமல் போகாது. சலாம் என்று எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். இப்போது இதைத் தவிர வேறு விதமாக என்னால் சொல்ல முடியவில்லை.

அவன் விழித்தான். நான் வெளியே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி உள்ளே வந்தேன். கை எழுந்தது. இந்த முறை முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். விரல்கள் நெற்றியைத் தாண்டிப் போய், காதுக்கு மேலே முடி முளைக்காத தழும்பில் நின்றன. நான் ரிங்கில் போவது போல இரண்டடி பின்னால் போனேன். கைகளை இறக்கினேன். எனக்கு முட்டி மடங்காது, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிமெண்டுத் தரையைத் தொட்டு நெஞ்சில் வைத்தேன். நிமிர்ந்தபோது அவன் கை மடிக்கு வந்திருந்தது. அவன் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் ரஸ்க் பொட்டலத்தைப் பிரித்தேன். அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் பேப்பர் படித்தேன்.

கிரண், அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுகிறவனை எழுந்து போக விடாதே. இன்னொரு தடவை கேள். பெள்ளியப்பா சார் என்னை ஒரு தடவைதான் கேட்டார்.

நேற்றும் ஞாயிற்றுக்கிழமை. ரஸ்க் வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே என் வலது கை பழக்கத்தில் சலாமுக்குத் தயாராகிவிட்டது. ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்து, மற்றவர்கள் வந்தால் செய்வது போல, என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் இடது கை மடியிலேயே இருந்தது. என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சற்று நேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.